பாடல் வரிகள், இரண்டு பிரதிகளில்

எங்கள் இரண்டாவது ஆல்பம் ஏறக்குறைய ஒரு வருடம் ஓர் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அதில் சொற்கள் இருந்ததுதான் காரணம்.

நாங்கள் மூன்று பேர். டிரம்ஸ் கெய்ஸா. பேஸ் கிடார் நான், வெண்டெலின் ஷூபா. பிழைப்புக்கு ரொட்டி வேன் ஓட்டுகிறேன். கிடாரும் குரலும் பிளாஜெய். அவன் ஆரம்பப் பள்ளியில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே பள்ளியின் அடியில், அணுகுண்டுக்குப் பயந்து பழைய அரசாங்கம் கட்டிய பதுங்கு அறையில் இருபத்திரண்டு வருடம் ஒத்திகை பார்த்தோம். குழுவின் பெயர் ஸாவாலிஸ்கோ. சுரங்கக் கூரை இடிந்து குவிந்த இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். எங்கள் சுரங்க ஊரான ஹாண்ட்லோவாவில் அந்தப் பெயருக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை.

நாங்கள் வாசிப்பது டெத் மெட்டல். அதில் பாடுகிறவன் உறுமுவான். அடிவயிற்றிலிருந்து வரும் அந்த உறுமலில் சொற்கள் கரைந்துவிடும். கேட்கிறவர்களுக்குப் புரியாது, புரிய வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதும் இல்லை. கூட வாசிக்கிறவர்களும் விசாரிப்பதில்லை. பாடகனிடம் 'என்ன பாடினாய்' என்று கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் அடுப்பங்கரைக்குள் நுழைந்து சட்டி மூடியைத் திறந்து பார்ப்பது மாதிரி. முதல் ஆல்பம் கேசட்டாக வந்தது. உறையில் பாட்டுகளின் தலைப்பு மட்டும் போட்டோம். யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டாவதை நல்ல ஸ்டுடியோவில் பதிவு செய்ய ஆசைப்பட்டோம். பழைய சுரங்கத் தொழிலாளர் மாளிகையின் இரண்டாம் மாடியில் வட்டாரக் குரல் நிதியம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. அவர்களிடம் ஒரு ஸ்டுடியோ இருந்தது. கட்டணம் இல்லை. பதிவானது நிதியத்தின் அலமாரியில் இருக்கும், உரிய சான்றிதழ் ஆனதும் எங்களிடம் தரப்படும் என்று ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தது. நாங்கள் இரண்டாம் பக்கம் வரை படித்தோம்.

அக்டோபரில் எட்டுப் பாட்டுகளுக்கும் வாத்தியங்களைப் பதிவு செய்துவிட்டு, பிளாஜெயின் தற்காலிகக் குரலைப் போட்டோம். எந்த இடத்தில் உறுமல் ஏறும், எங்கே இறங்கும் என்று அடையாளத்துக்காகப் பாடி வைப்பது அது. வாயில் வந்ததைப் பாடலாம். உண்மையான வரிகளோடு ஜனவரியில் திரும்பப் பாடுவதாக ஏற்பாடு. நவம்பர் எட்டாம் தேதி பிளாஜெய் கொதிகலன் அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். இருதயம். நாற்பத்து நான்கு வயது. அவன் வீட்டில் பாட்டு எழுதிய காகிதம் ஒன்றுகூட இல்லை.

அவனுக்கு இருந்தது ஓர் அக்கா, அப்பொலோனியா. அடக்கம் முடிந்து எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெண்டோ, அவன் குரல் அந்த ஆபீசுல இருக்காமே?"

"ஆமா அக்கா."

"எனக்கு அது வேணும்டா. சத்தமா இருந்தா என்ன, நான் குறைச்சு வச்சுக் கேட்டுக்கிறேன். கையில பிடிக்கிற மாதிரி ஒரு இசைத்தட்டு. அடுத்த கல்லறைத் திருநாளுக்குள்ள வாங்கித் தருவியா?"

வாங்கித் தருகிறேன் என்றேன்.

நிதியத்தின் இயக்குநர் பெங்கோ கைகுலுக்கும்போது மற்றக் கையையும் மேலே வைத்துப் பொத்திக்கொள்ளும் மனிதர். முதலில் அனுதாபம் தெரிவித்தார். அதற்கென்று மேஜையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

"சரி, திரு ஷூபா. பாடல் வரிகள் இரண்டு பிரதி கொடுங்க."

"வரிகள் இல்லைங்க. எழுதாமலே போயிட்டான்."

"அப்படின்னா இது வெறும் வாத்திய இசை. நல்லதுதான், சான்றிதழ் சுலபம். குரலை மட்டும் எடுத்துடுவோம்."

"குரல்தாங்க எங்களுக்கு வேணும்."

"வரியில்லாத குரலை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது? நீங்களே சொல்லுங்க." படிவத்தை என் பக்கம் திருப்பினார். வாத்தியங்களின் பட்டியல் இருந்தது. "ஃபுயாரான்னு போடலாமா? அதுவும் ஊதுறதுதானே. மேய்ப்பர்களோட வாத்தியம், மேலிடத்துல ரொம்பப் பிடிக்கும்."

ஃபுயாரா என்பது ஓர் ஆள் உயர மரக் குழல். பிளாஜெயை அந்தக் கட்டத்தில் பதிந்தார்கள். இரண்டு வாரம் கழித்து நாட்டார் வாத்திய ஆய்வாளர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். குழலைக் காட்டச் சொன்னார். அது இப்போது கல்லறையில் இருக்கிறது என்றேன். எதனால் ஆனது என்று கேட்டார். 'வாத்தியம் ஆய்வுக்குக் கிடைக்கவில்லை, ஈரமான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார். பிளாஜெய் மறுபடியும் குரலானான்.

மார்ச்சில் குரல் வாசிப்புக் குழு அமைக்கப்பட்டது. ஐந்து பேர், ஐந்து ஹெட்போன், நடுவில் முட்டையும் வெள்ளரி ஊறுகாயும் வைத்த ரொட்டித் துண்டுகள். மொழியியல் பேராசிரியர் இஸிதோர் தலைமை. கெய்ஸாவும் நானும் சுவரோரம் பார்வையாளர்களாக உட்கார்த்தப்பட்டோம். ஒரு வரி ஓடும், நிறுத்துவார்கள், அவரவர் கேட்டதைச் சொல்வார்கள், கை தூக்கி வாக்கெடுப்பு நடக்கும்.

எங்கள் மொழியில் மண்ணுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஓர் அசைதான் வித்தியாசம். இரண்டாம் பாட்டின் நாற்பத்தோராவது வினாடியில் வருவது எது என்பதில் குழு ஒரு முழு முற்பகலைச் செலவிட்டது.

"உருளைக்கிழங்குன்னு எனக்குச் சுத்தமாக் கேக்குது" என்றார் பள்ளி ஆய்வாளர் அம்மாள்.

"அம்மா, மரணத்தைப் பத்திப் பாடுறவன் எதுக்கு உருளைக்கிழங்கைக் கூப்பிடுறான்?"

"பசியா இருக்கும்."

"குழு பசியை அங்கீகரிக்கலை" என்றார் இஸிதோர்.

கெய்ஸா என் காதில், "அவன் பாடும்போது எப்பவும் பசியோடதான்டா இருப்பான்" என்றான். பார்வையாளர்கள் பேசக் கூடாது என்று எங்களுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. மண்ணுக்கு மூன்று வாக்கு, உருளைக்கிழங்குக்கு இரண்டு.

எட்டாவது பாட்டில் இஸிதோர் திடீரென்று ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இது மட்டும் சந்தேகமே இல்லை. 'தயவுசெஞ்சு'ன்னு சொல்றான். ரெண்டாவது தடவை பாடினதுல, கடைசியில."

மற்ற நால்வரும் கேட்டார்கள். அவர்களுக்கும் அதுவே கேட்டது. குழுவின் வரலாற்றில் ஐந்துக்கு ஐந்து விழுந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

இயக்குநர் பெங்கோ எழுந்தார். "நண்பர்களே, உங்க காதுகளுக்குத் தலை வணங்குறேன். ஆனா யோசிங்க. நம்ம நிதியத்தோட முத்திரை இருக்கிற தட்டுல ஒரு மனுஷன் கெஞ்சலாமா? இந்த வட்டாரத்து மக்கள் யார்கிட்டயும் எதுவும் கேக்காதவங்க. கேட்டிருந்தா எனக்குத் தெரியாமலா போகும், மனுவெல்லாம் என் மேஜைக்குத்தானே வருது! ஒருத்தன் என்ன சொன்னான்கிறது தற்செயல். என்ன சொல்லியிருக்கணும்கிறதுதான் பண்பாடு. அதைப் பாத்துக்கத்தான் நாம இருக்கோம்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. எங்கள் மொழியில் 'தயவுசெய்து' என்பதும் 'வேண்டுகிறேன்' என்பதும் ஒரே சொல். இஸிதோர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு 'இல்லை'யைச் சேர்த்தார். எட்டாவது பாட்டின் அங்கீகரிக்கப்பட்ட வடிவம் இப்படி முடிந்தது:

மண்ணே, நீ என்னை ஏந்து;
மலையே, நீ என் பெயரைச் சொல்;
நான் எவரிடமும் எதையும் வேண்டியதில்லை.

அதோடு அலமாரி திறந்திருக்கும். ஆனால் செவித்திறன் இல்லாத குடிமக்களுக்கும் பாடல் சென்று சேர வேண்டும் என்று புதிதாக ஒரு விதி அந்தக் கோடையில் வந்தது. அதன்படி ஒரு சோதனையாளர் வரிகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஹெத்விகா என்ற பெண்ணை அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும், மூன்று வயதிலிருந்தே காது கேட்காது, உதடுகளைப் பார்த்துப் பேச்சைப் படிப்பவர். அவர் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவார் என்று பெங்கோ என்னிடம் சொல்லியிருந்தார்.

ஹெத்விகா கையெழுத்துப் போடவில்லை. "பாடினவரோட முகம் எங்கே?" என்று கேட்டார். அவர் குரல் ஏற்றஇறக்கம் இல்லாமல், ஒரே மட்டத்தில் வந்தது.

முகம் இருந்தது. ஸ்டுடியோ உண்மையிலேயே பயன்படுகிறது என்று தலைநகருக்கு நிரூபிப்பதற்காக நிதியம் ஒவ்வொரு பதிவையும் கேமராவில் பிடித்து வைத்திருந்தது. யாரும் அதைப் பார்த்ததில்லை. பெங்கோ விடுப்பில் இருந்தார். எழுத்தர் எங்களை ஒரு சிறிய அறையில் உட்கார வைத்துப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிளாஜெய் மைக்கின் முன்னால் நின்றான், எனக்குப் பழக்கமான அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரில். பத்து மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கிறேன். ஹெத்விகா ஒலியை அணைத்துவிடச் சொன்னார். என்னை அது உறுத்துமாம்.

"நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதிக்கிட்டா போதும்" என்று தாளை என்னிடம் தள்ளினார். "முதல் பாட்டு. 'வால்வைத் திற. அழுத்தம் ரெண்டுக்கு மேல போகாம பாத்துக்கோ. சாம்பலை எடு.'"

கொதிகலனுக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பு அது.

"ரெண்டாவது. 'வெங்காயம், வெண்ணெய், உருளைக்கிழங்கு ரெண்டு கிலோ.'"

நான் சிரித்தேன். பள்ளி ஆய்வாளர் அம்மாளைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. மூன்றும் நான்கும் பஸ் நிறுத்தங்கள், வரிசை மாறாமல். ஐந்தாவதில் ஹெத்விகாவே சற்றுத் தயங்கினார். "'கெய்ஸா, மறுபடியும் ஓடுறே. எங்கடா ஓடுறே, மாடே. எங்களுக்காக நில்லு, மாடே.' இது நாலு நிமிஷம் போகுது." கெய்ஸா டிரம்ஸில் எப்போதும் தாளத்தை முந்தி ஓடுவான்.

ஆறும் ஏழும் வாரத்தின் கிழமைகள். எட்டாவது பாட்டில் பிளாஜெய் கண்களைத் திறந்து, நேராக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

"'வெண்டோ'ன்னு ஆரம்பிக்கிறார்" என்றார் ஹெத்விகா. "அது யாரு?"

நான்தான் என்றேன். அவர் என் உதட்டைப் படித்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார்.

"'வெண்டோ, வியாழக்கிழமை உனக்கு லீவுதானே. காலையில ஏழு மணிக்கு நான் மார்ட்டின் ஆஸ்பத்திரியில இருக்கணும். முதல் பஸ்சே ஒம்பதுக்குத்தான் போய்ச் சேருது. நெஞ்சுல என்னமோன்னு சொல்றாங்க. கேக்கக் கூச்சமா இருக்கு. வேன்ல கொண்டு போய் விடுறியா.'"

என் பேனா நின்றிருந்தது. எழுதுங்கள் என்பதுபோல அவர் தாளைத் தட்டினார். எழுதினேன்.

திரையில் பிளாஜெய் நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். அவனுக்கு எதிரே, கேமராவுக்குத் தெரியாத இடத்தில், யாரோ அவனிடம் பேசுகிறார்கள். அந்த ஆளும் நான்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது நினைவிருக்கிறது. சொன்னதும் நினைவிருக்கிறது: "பிரமாதம்டா! இதுதான் ஆல்பத்துலயே பெஸ்ட். இன்னொரு தடவை பாடு, இன்னும் கொஞ்சம் கோபமா."

பிளாஜெய் தலையாட்டினான். மறுபடியும் பாடினான்.

"அதேதான் சொல்றார்" என்றார் ஹெத்விகா. "கடைசியில 'தயவுசெஞ்சு'ன்னு சேத்துக்கிறார்."

அவன் மார்ட்டின் நகருக்குப் போகவேயில்லை என்று எனக்குத் தெரியும். இறந்த பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அப்பொலோனியா அக்கா அவன் கோட்டுப் பையில் கண்டெடுத்தார். அந்த வியாழக்கிழமை வேன் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. நான் அதைக் கழுவினேன்.

செப்டம்பர் முதல் வாரம் பெங்கோ விடுப்பிலிருந்து வந்தார். ஹெத்விகாவின் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. இந்த மாதிரி நிலைமைக்கும் அவரிடம் ஒரு படிவம் இருந்தது.

"இங்க பாருங்க. வரிகள்ல உயிரோட இருக்கிற ஆளுங்க பேர் வருது. அது தனிப்பட்ட தகவல். சம்பந்தப்பட்டவங்க சம்மதிச்சா இந்த வரிகள்தான் அதிகாரபூர்வம். அப்படியே உறையில அச்சடிச்சுத்தான் ஆகணும், எனக்கு வேற வழியில்லை. யாராவது ஒருத்தர் ஆட்சேபிச்சா மொத்தமும் தள்ளுபடி. அரைகுறை உண்மையை நிதியம் வெளியிடாது. அப்புறம் குழுவோட வரிகள்தான்."

இரண்டு தாள்கள் கொடுத்தார். 'பெயர் குறிப்பிடப்பட்டவரின் நிலைப்பாடு' என்று தலைப்பு. கீழே இரண்டு கட்டங்கள்.

கெய்ஸாவின் தாளோடு அவனுடைய ஐந்தாம் பாட்டின் வரிகளை மட்டும் இணைத்திருந்தார்கள். டயர்க் கடையில் வைத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு அவன் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நாலு நிமிஷமா என்னை மாடுன்னு திட்டியிருக்கான்டா! நான் அதுக்கு டிரம்ஸ்ல டபுள் பெடல் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்!" சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றும் தண்ணீர் நிற்கவில்லை. சம்மதம் என்ற கட்டத்தில் தாள் கிழியும்படி பெரிதாகக் குறி போட்டான். "கொட்டை எழுத்துல போடச் சொல்லு. ஆமா, உன் பேரும் வருதாமே? உன்னை என்னன்னு திட்டியிருக்கான்?"

"ஒண்ணுமில்லை. பஸ்சைப் பத்தி ஏதோ."

"குடுத்து வச்சவன்" என்றான்.

அன்று மாலை வேனில் உட்கார்ந்து என் தாளை மடிமேல் விரித்தேன். சம்மதித்தால், அப்பொலோனியா அக்கா உறையைப் பிரிப்பார். எட்டாவது பாட்டைப் படிப்பார். வெண்டோ என்ற பெயரைப் படிப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

நிதியத்தை நான் எங்கும் திட்டித் தீர்த்திருக்கிறேன். அந்தப் பதினோரு மாதமும் அவர்கள் நீட்டிய தாள்களில் எனக்குப் பொருந்திய கட்டம் ஒன்றுகூட இருந்ததில்லை. இதில் இருந்தது. 'ஆட்சேபிக்கிறேன்' என்பதற்கு எதிரே குறி போட்டேன். காரணம் கேட்கும் வரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பெங்கோவிடமே கேட்டேன். "காலியா விடுங்க, கட்டாயமில்லை" என்றார். நல்ல மனிதர்.

"அப்போ என் மாடு?" என்று கெய்ஸா கேட்டான். யாரோ ஆட்சேபித்துவிட்டார்களாம், மாடும் போய்விட்டது என்றேன். யார் என்று அவன் கேட்கவில்லை. நான் தூக்கி வந்த, அச்சான உறைகள் நிறைந்த பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

அக்டோபர் கடைசியில் தட்டு வெளிவந்தது. மாளிகையின் பெரிய கூடத்தில் விழா. பெங்கோ ஃபுயாரா படம் போட்ட மேடையில் நின்று, "குரலற்றவர்களின் குரலாக இந்த நிதியம் இருக்கிறது, அந்தக் குரல் என்ன சொல்ல வேண்டுமென்பதையும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை" என்று பேசினார். எட்டாவது பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். இஸிதோர் வரிகளைத் தனியாக வாசித்தார். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவற்றைக் கைகளால் சொன்னார்: மண், மலை, வேண்டியதில்லை. முன் வரிசையில் ஹெத்விகா இருந்தார். சைகை தொடங்கியதும் கண்களை இறுக மூடிக்கொண்டார். காதைப் பொத்திக்கொள்ள அவருக்கு அது ஒன்றுதான் வழி.

விழா முடிந்து அக்கா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அழுதிருந்தார், முகம் தெளிவாக இருந்தது.

"வெண்டோ, அந்தக் கடைசி வரி. யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்லைன்னு. அப்படியே அவன்தான், இல்லையா? சின்ன வயசுலருந்து அப்படித்தான். தண்ணி வேணும்னாகூடக் கேக்க மாட்டான். நிஜமாவே அவன் இதைத்தான் பாடினானா?"

"ஆமா அக்கா."

"நீ கூட இருந்தியே, உனக்குத் தெரியும்" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது மண் நன்றாக அமர்ந்துவிட்டது, இனிக் கல் வைக்கலாம் என்று பங்குக் கோயில் பராமரிப்பவர் சொன்னார். அந்த மூன்று வரிகளைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். கல்வெட்டுபவர் அடுத்த ஊரில் இருந்தார். "பஸ்ல போயிக்கிறேன்டா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். நான் வாசலில் வேனோடு ஏழு மணிக்கே நின்றேன்.

கல்வெட்டுபவர் எழுத்துகளை நிஜ அளவில் ஒரு நீளக் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். அதைச் சாம்பல் நிறக் கல்லின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் உளி வைத்தார்.

"நிதானமாப் படிச்சுப் பாருங்க. கீழே கையெழுத்துப் போட்டுட்டா நான் வெட்ட ஆரம்பிச்சுடுவேன். அப்புறம் அய்யோ தப்புன்னு வந்து நின்னா கல்லு கேக்காது."

"நீ படிடா" என்றார் அக்கா. "எனக்குக் கண்ணு கலங்குது."

குனிந்து படித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கல்வெட்டுபவர் காது இடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஒரு தப்பு இருக்கு" என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்னடா?"

கல் மேல் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

"'மண்ணே'க்குப் பிறகு ஒரு காற்புள்ளி வரணும்" என்றேன்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். நான் காற்புள்ளியைப் போட்டுவிட்டுக் கீழே கையெழுத்திட்டேன்.